பூட்டில்லாத டிஸ்க்

என் கணவர் முதல்முறை என்னை அடித்தது வைஃபை பெட்டிக்காக. அப்போது பென்னலூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் போன் உதிரிபாகங்கள் பொருத்தும் தொழிற்சாலையில் லைனில் வேலை பார்த்தேன். அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். என் மேல் கோபம் வந்தால், எங்கிருந்தாலும் தன் போனிலிருந்தே வீட்டு நெட்டை நிறுத்திவிடுவார். அன்று மகளுக்குப் பள்ளியிலிருந்து பாடம் வர வேண்டியிருந்தது. ரவுட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்தினேன். அடியில் ஒட்டியிருந்த பழைய பாஸ்வேர்டைப் போட்டதும் நெட் வந்துவிட்டது.

வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரக் கேட்டு அதுல கை வெச்ச?"

பதில் சொல்வதற்குள் ரவுட்டரின் ஒயரைச் சுவரிலிருந்து உருவி என் முதுகில் வீசினார். ஒயர் முனையில் இருந்த கறுப்பு அடாப்டர் கழுத்தெலும்பில் வந்து மோதியது. கையை உயர்த்தித் தடுத்தேன். தடுத்ததற்காக இன்னும் அடித்தார். மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் குரல் உயர்ந்தாலே அவள் போகும் இடம் அதுதான்.

அதன்பிறகு காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஓவர்டைம் பார்த்தால் அடி, பார்க்காவிட்டால் அடி. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் என்று கேட்பார். பெண் என்று சொன்னால் பொய் என்று அடிப்பார். ஒருமுறை கதவிடுக்கில் என் விரல்கள் இருப்பது தெரிந்தே கதவைச் சாத்தினார். நகம் கறுத்து விழுந்தது. லைனில் சின்னத் திருகாணிகளை எடுக்க முடியாமல் தடுமாறினேன். சூப்பர்வைசர் கேட்டபோது, பீரோ கதவில் மாட்டிக்கொண்டது என்றேன்.

என் மாமியார் வாலாஜாபாத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி எங்களைப் பார்க்க வருவார். அவரிடம் ஒருநாள் முதுகைக் காட்டினேன். பார்த்தார். ஜாக்கெட்டைத் தானே கீழே இழுத்து விட்டார்.

"அவன் சின்ன வயசுல ஒரு கோழிய அடிக்கமாட்டான். நீ எதுத்துப் பேசறத நிறுத்து, எல்லாம் சரியாப் பூடும்" என்றார்.

ஒருநாள் கணவர் ஒரு கேமராவும் ஒரு ஹார்டு டிஸ்க்கும் வாங்கி வந்தார். திருட்டு பயம் என்று கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னார். என்னிடம், "நீ எப்ப வர்ற, எப்ப போற, யார் கூடப் பேசற, எல்லாம் எனக்குத் தெரியணும்" என்றார். கேமராவை ஹால் மூலையில் மாட்டினார். அது எடுப்பதெல்லாம் டிஸ்க்கில் போய்ச் சேர வேண்டும். டிஸ்க்கை ரவுட்டரில் செருகிவிட்டால், வீட்டில் இருக்கிற டிவியிலும் போனிலும் அதில் உள்ளதைப் பார்க்கலாம்.

ஆனால் செருகியதும் ஒன்றும் வரவில்லை. கம்பெனியில் எந்த டிஸ்க்கையும் பூட்டாமல் வைக்கமாட்டார்கள், அதே பழக்கத்தில் இதற்கும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தார். கழற்றினார், மாட்டினார், ரவுட்டரை ஓங்கித் தட்டினார். கடைசியில் கூட வேலை செய்யும் நண்பருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"மச்சி, லாக் போட்ட டிஸ்க்க ரவுட்டரால தொறக்க முடியாதுடா. பாஸ்வேர்டு அடிக்க அதுல இன்னா கீபோர்டா கீது? லாக்க எடுத்துட்டு சொருகு. இல்லாங்காட்டி கம்ப்யூட்டர்லயே மாட்டிக்க."

போனை வைத்ததும், "லாக் இல்லன்னா யாரு வேணா பாக்கலாமாங்க?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. "வைஃபை பாஸ்வேர்டு இல்லாம எவன்டி உள்ள வருவான்?" என்றார். அந்தக் காதில் பல நாள் விசில் மாதிரி ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

பூட்டை எடுத்தார். டிஸ்க்கில், மகள் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை வீடியோவையும் சில சினிமாப் படங்களையும் போட்டார். கேமரா தன் பாட்டுக்கு எடுத்து அதிலேயே சேர்த்துக்கொண்டிருந்தது. வெளியாள் யாரும் நுழையக் கூடாது என்பதிலேயே அவர் குறியாக இருந்தார். என்னைப் பார்ப்பதற்காக மாட்டிய கேமரா தன்னையும் பார்க்கும் என்பது, கை ஓங்குகிற நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு புதன்கிழமை சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. தட்டை என் முகத்தில் வீசினார். புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன், டாக்டரிடமும், அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த மாமியாரிடமும்.

அன்று மதியம் மகள் கீழ்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். கணவர் கறி வாங்கப் போயிருந்தார். நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பேத்தியின் புதுநன்மை வீடியோவைப் பார்க்கப்போவதாகச் சொல்லி மாமியார் ரிமோட்டை எடுத்தார். கொஞ்ச நேரம் கோயில் மணியும் பாட்டும் கேட்டன. அது முடிந்து டிஸ்க்கில் அடுத்து இருந்தது தானாக ஓட ஆரம்பித்தது, என் குரல் கேட்டது.

"வேணாங்க... வேணாங்க... பாப்பா பாக்குது..."

கையில் மீன் செதிலோடு ஓடி வந்தேன். டிவியில் எங்கள் ஹால். தட்டு பறந்தது. நான் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் என் முடியைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார். எனக்கு நடந்ததை வெளியிலிருந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அந்தப் பெண் இத்தனை சிறியவளாக இருந்தாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"இது எப்போ?" மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"புதன்கெழம, அத்தை."

"வழுக்கி வுழுந்துட்டேன்னு சொன்னியே."

அவர் அடுத்ததைப் போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார். அந்தக் கேமராவில் எல்லாமே இருந்தது. ஒன்றில் கணவர் என் வயிற்றில் உதைத்தபோது, மாமியார் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "யேசுவே" என்றார்.

படியில் செருப்புச் சத்தம். கணவர் உள்ளே வந்தார், டிவியைப் பார்த்தார். கறிப்பையைப் போட்டுவிட்டு ரவுட்டரிடம் பாய்ந்து டிஸ்க்கைப் பிய்த்து எடுத்தார். படம் அப்படியே நின்றது.

"இன்னாடா இது?"

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இவதான் உனக்குப் போட்டுக் காட்டினாளா?"

என் தொண்டையைப் பிடித்து ஜன்னல் கம்பியில் சாய்த்தார். கண் இருட்டியது. மாமியார் எங்கள் நடுவில் புகுந்து அவர் கையைக் கடித்தார். அவர் உதறிய வேகத்தில் மாமியார் டீப்பாய் மேல் விழுந்தார். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவர் உடைந்து கையில் அகப்பட்ட டீப்பாய்க் கட்டையால் மகனின் முழங்காலில் அடித்தார், வலது கை தொங்க, இடது கையால் மறுபடியும் அடித்தார். "ரெண்டாவது மொற முழுகாம இருந்து கலைஞ்சுதே, அப்பவும் இப்பிடித்தான் உதைச்சியாடா?" என்று கத்தினார். கணவர் அப்போது உதைத்தார் என்பதை நான் மாமியாரிடம் சொன்னதே இல்லை.

கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வருவதற்குள் கணவர் டிஸ்க்கோடு நொண்டிக்கொண்டே பைக்கில் போய்விட்டார்.

மாமியாரின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நேராக மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். மறுநாள் கணவரைப் பிடித்தார்கள். டிஸ்க்கும் கிடைத்தது. அதற்குள் அதைப் பழையபடி பூட்டிவிட்டிருந்தார். பாஸ்வேர்டு கேட்டால் மறந்துவிட்டது என்றார். மேசை மேல் அந்தக் கறுப்பு டிஸ்க்கை வைத்துக்கொண்டு எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார். இனி யார் நம்புவார்கள்?

மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது தொறக்கலன்னா போவுது. நான் பாத்தேன். எழுதிக்கோம்மா. என் பையன்தான். எழுது."

புதன்கிழமையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அழுதார், ஆனால் நிறுத்தவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. கணவர் ஜாமீனில் வெளியே வந்து வேறு ஊரில் இருக்கிறார். நானும் மகளும் வாலாஜாபாத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். கம்பெனி பஸ் அங்கேயும் வருகிறது. மாமியாரின் மணிக்கட்டு முழுதாக மடங்குவதில்லை. நான் முதுகைக் காட்டிய நாளைப் பற்றி இருவரும் பேசியதில்லை. எனக்கு அந்தக் கோபம் போகவும் இல்லை. சில காலைகளில் அவர் அடுப்படியில் நின்று, "சாப்டானோ இன்னாவோ" என்று தனக்குத்தானே சொல்வது காதில் விழும். நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன்.