பைண்டரிடம் நான் சொன்ன முடிவு

ஒரு வருஷம் நான் ஆசையாகப் படித்த தொடர்கதைகள் மூன்று. பத்திரிகைகளிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டர் பாயிடம் தைக்கக் கொடுத்தேன். மெலிந்த மனிதர், நகங்களில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். தமிழ் எழுத்து தெரியாது. எண்ணைப் பார்த்துப் பக்கங்களை அடுக்குவார், படம் வந்தால் கை நின்றுவிடும்.

மூன்றாவது கதையில், புருஷன் விரட்டிய பெண் தகப்பன் வாசலில் நிற்கும் படம் ஒன்று.

“இந்தப் பொண்ணு கடைசீல இன்னா ஆச்சு சார்?”

அவள் கிணற்றில் விழுந்து இறந்துபோகிறாள். கடைசி அத்தியாயத்துக்குப் படம் இல்லை. கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன் சாவைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது.

“புருஷன் திருந்தி வந்து கூட்டிப்போனான், பாய்.”

தைத்து முடித்த புத்தகங்களை வாங்கிவரப் போனேன். அந்த மூன்றாவது கதைக்கு மட்டும் நல்ல பச்சைத் துணி போட்டிருந்தார்.

“நீங்க சொன்னத வூட்ல சொன்னேன் சார். எம் பொண்ணும் அப்டித்தான் வந்து குந்திக்கினு கீது. நாளைக்கு நானே கொண்டுபோய் அவன் வூட்ல வுட்டுட்டு வரேன். அவனும் திருந்துவான் இல்ல?”

நான் சொன்னது பொய் என்று சொல்லாமலே தலையாட்டினேன்.

இப்போது நான் குடியிருக்கும் மயிலாப்பூரிலேயே வேறு பைண்டரிடம் கொடுக்கிறேன். பாயின் பெண் எப்படி இருக்கிறாள் என்று அவரிடம் போய்க் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.