லைன் நகர்ந்தால் டெட் பால்

கமால் பாய் யாருக்கும் போன் செய்யமாட்டார். மிஸ்டு கால்தான் கொடுப்பார். பேசுகிற காசு எதிராளியுடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அழைப்பெல்லாம் ஏறக்குறைய இலவசமாகிவிட்ட பிறகும் கொள்கையை அவர் விடவில்லை. அதனால் போன செவ்வாய்க்கிழமை காலை அவருடைய அழைப்பு நிற்காமல் அடித்தபோதே ஏதோ விபரீதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நைனா, தேசிங்கு டிக்ளேர் பண்ட்டாருப்பா" என்றார். அதற்கு மேல் அழுகை.

தேசிங்கு அண்ணன் டீ கேட்டாராம். வசந்தா அண்ணி டம்ளரோடு வருவதற்குள் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டாராம். எதற்கும் யாரையும் காக்க வைக்காத மனிதர், சாவிலும் அப்படித்தான்.

நம் கிரிக்கெட் கோஷ்டிக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இதை வேறு யாரும் படித்துத் தொலைக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். தேசிங்கு அண்ணன் டிரெய்லர் ஓட்டுநர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட் திறக்கக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதை லைன் என்போம். அவர் வாழ்க்கையில் பாதி அந்த லைனில் கழிந்தது. நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியின் குமாஸ்தா; ஓட்டுநர்களுக்குக் காகிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. கமால் பாய் அதே லைனில் சைக்கிளில் டீ விற்கிறவர். லைன் நகராத நாட்களில் சாலையோரக் காலி மனையில் கிரிக்கெட். அதற்கு உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு விதி உண்டு. லைன் நகர்ந்தால் டெட் பால். பந்து காற்றில் இருந்தாலும் சரி, ஸ்டம்ப் எகிறிக்கொண்டிருந்தாலும் சரி, அந்தப் பந்து செல்லாது. லாரிக்காரன் ஓடிப்போய் வண்டியை நகர்த்திவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம். விதியை இயற்றியவர் தேசிங்கு அண்ணன்.

இரண்டு ஓவருக்கு நடுவே ஓயாமல் ஒரு வழக்கு நடக்கும். உலகத்திலேயே பெரிய ஆல்ரவுண்டர் யார்? மேற்கிந்தியத் தீவுக்காரரா, இங்கிலாந்துக்காரரா, பாகிஸ்தான் கேப்டனா, நம்மூர்க்காரரா? பெயர்களை எழுதப் போவதில்லை. விட்டுப்போனவரின் ரசிகர்கள் என் வீட்டு விலாசத்தைத் தேடுவார்கள். அண்ணனிடம் ஒரே சோதனைதான். "பேட்ட புடுங்கிட்டாலும் பௌலிங்குக்காக டீம்ல இருக்கணும். பால புடுங்கிட்டாலும் பேட்டிங்குக்காக டீம்ல இருக்கணும். அவன்தான் ஆல்ரவுண்டரு. மிச்சம்லாம் மிக்சர் பொட்டலம்." இந்தச் சல்லடையில் உலகப் புகழ் பெற்ற பலரைச் சலித்துக் கீழே கொட்டியிருக்கிறார். மேலே நின்றவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதிலும் கட்டைவிரல் மேல் அவருக்குச் சந்தேகம் உண்டு.

"கீப்பரு பேட்டிங் பண்ணா ஆல்ரவுண்டரு இல்லியா?" என்று விக்கெட் கீப்பரான கமால் பாய் ஒருநாள் சண்டைக்கு வந்தார்.

"பாய், நீ டீ வித்துகினே கீப்பிங் பண்றே. ஸ்டம்ப்புக்குப் பின்னாடி நிக்கும்போதே எவனுக்குச் சக்கர கம்மின்னு யோசிக்கிறே. நீ பார்ட் டைமு."

பாய் அன்று அவருக்கு மட்டும் சர்க்கரையே இல்லாமல் டீ கொடுத்தார்.

என் கதை இதைவிடக் கேவலம். ஒருமுறை நான் இரண்டு விக்கெட் எடுத்தேன். அதில் ஒன்று, பேட்ஸ்மேன் தும்மும்போது விழுந்தது. அதே ஆட்டத்தில் பன்னிரண்டு ரன்னும் அடித்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அண்ணே, இப்பவாவது சொல்லுங்க, நான் ஆல்ரவுண்டர்தானே?" என்று கேட்டேன். அண்ணன் என் தோளில் பாசமாகக் கை போட்டார். "நைனா, நீ ரெண்டுத்துலயும் அர. ரெண்டு அர ஒண்ணா சேந்தா இட்லியாவது ஆவும், ஆல்ரவுண்டரு ஆவாது." வருஷங்கள் ஓடின. நான் கேட்பதை நிறுத்தவில்லை, அவர் தீர்ப்பை மாற்றவில்லை.

அவருடைய சொந்தக் கணக்கும் ஒன்றும் கம்பீரமானது அல்ல. பௌலிங் சுமார். பேட்டிங்கில் ஐம்பதே அடித்ததில்லை. ஒருமுறை நாற்பத்தொன்பதில் இருந்தார். லைன் நகர்ந்தது. பேட்டைப் போட்டுவிட்டு ஓடித் தன் வண்டியை நகர்த்தினார். பின்னால் இருந்த வண்டி நகரவில்லை. அதன் ஓட்டுநர் சேகர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். அண்ணன் இறங்கிப்போய் அவனை ஓரமாகத் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு, அந்த வண்டியையும் நகர்த்தினார். மறுபடி தன் வண்டி, மறுபடி அவன் வண்டி. இப்படியே இரண்டு வண்டியையும் கேட் வரை கொண்டுபோய்விட்டார். பேட் காலி மனையில் கிடந்தது. "ஒரு ரன்னுதானே அண்ணே!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ரன்னு எங்க போவுது? லைன் போச்சின்னா சேகருக்கு ஒரு நாள் போச்சு" என்றார். அந்த ரன் அதற்குப் பிறகு வரவேயில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வசந்தா அண்ணி என்னிடமும் கமால் பாயிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "போஸ்டரு நீங்க அடிங்கப்பா. பேருக்குக் கீழ வெறும் டிரைவர்னு போட்டுடாதீங்க. அவரு மனசுக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணு போடுங்க. எனக்கு இந்த ஆட்டம்லாம் தெரியாது."

தேரடிப் பக்கம் போஸ்டர் அடிக்கிற ஒரு டிஜிட்டல் கடை. முதல் தகராறு படத்தில். எங்கள் போனில் இருந்த எல்லாப் படத்திலும் அண்ணன் பேட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் சாலைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். லைன் நகர்கிறதா என்று பார்க்கிறாராம். நேராக ஒரு முகம்கூட இல்லை. பக்கவாட்டு முகத்தையே வைத்தோம். அடுத்த தகராறு பெயருக்குக் கீழே.

"ஆல்ரவுண்டர்னு போடும்மா" என்றார் பாய், டிசைன் செய்கிற பெண்ணிடம்.

"போடாதே" என்றேன் நான். "அவர் விதிப்படி அவர் ஆல்ரவுண்டர் இல்லை பாய். ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்து வந்து உதைப்பார்."

"உன்கு குடுக்கலேன்னு வயித்தெரிச்சலு! செத்த மன்சனோடவா போட்டி போடுவே?"

பாதி உண்மைதான். மீதிப் பாதியும் இருந்தது. உலகத்து ஜாம்பவான்களுக்கே பொய்ப் பட்டம் கொடுக்காத மனிதர் நெஞ்சில் நாமே ஒரு பொய்யைக் குத்தி அனுப்புவதா? பாய் கத்தினார். நானும் கத்தினேன். அந்தப் பெண் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அங்கிள், வெளியில ரெண்டு காதுகுத்து வெயிட்டிங். அந்த எடத்த காலியா வுடறேன். நீங்க சண்ட போட்டு முடிச்சிட்டு எழுதிக்குங்க."

அப்படித்தான் திருவொற்றியூர் முழுக்க, பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக, அண்ணன் சாலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி போஸ்டரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலை இறுதி ஊர்வலம் விரைவுச் சாலையில் ஏறியதும் நின்றுவிட்டது. லைன்! ஒரு டிரெய்லர் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநரைக் காணோம், சாப்பிடப் போயிருப்பான். மேளம் நின்றது. பூ ஜோடித்த சவ வண்டி ஹாரன் அடித்தது. அண்ணி தலையில் கை வைத்தார்.

கூட்டத்திலிருந்து ஒருவன் தோளில் கிடந்த மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டு ஓடினான். சேகர். தாவி ஏறி அந்த வண்டியை ஓரங்கட்டினான். அதற்கு முன்னால் நின்றதில் ஆள் தூங்கிக்கொண்டிருந்தான், இன்னொருவன் ஏறினான். அதற்கும் முன்னால் வேறொருவன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சாவுக்கு வந்த ஓட்டுநர்களெல்லாம் யார் யாருடைய வண்டியிலோ ஏறி நகர்த்தினார்கள். கண்ணெதிரே சாலை திறந்துகொண்டது.

கமால் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பேட்ட புடுங்கியாச்சு. பாலயும் புடுங்கியாச்சு. மன்சன் டீம்ல கீறாரா, இல்லியா? சொல்லு நைனா."

என் கழுத்தில் சாவு மாலை. எதிர்த்து வாதாடுகிற கோலமா அது? கன்டெய்னர் சீல் நம்பர் எழுதுகிற மார்க்கர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஓரங்கட்டிய டிரெய்லரின் பின்கதவில் எங்கள் போஸ்டர் ஒட்டியிருந்தது. காலி வரியில் எழுதினேன்: ஆல்ரவுண்டர். கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அண்ணி வண்டியில் இருந்தபடியே படித்தார். "ஆங்" என்று மட்டும் சொன்னார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலி மனையில் ஆட்டம். நான் பேட்டிங். பௌலர் ஓடி வரும்போது எப்படியோ என் கழுத்து சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டது. லைன் நகர்ந்தது; ஒரு வண்டி மட்டும் நகரவில்லை. பேட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. கதவைத் தட்டி எழுப்பினேன். அவன் என்னைத் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், கமால் பாய் ஸ்டம்ப்பைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறார்.

"அவுட்டு!"

"லைன் நகர்ந்தால் டெட் பால் பாய்!"

"அது லாரி வெச்சிகினுகிறவனுக்கு. நீ அர டிக்கெட்டு, போ."

போனேன். அண்ணன் என்னிடம் விட்டுப்போனது இந்தத் திரும்பிப் பார்க்கிற கழுத்து ஒன்றுதான். பட்டத்தைக் கடைசிவரை தரவில்லை, கஞ்சன்.