ஏலக்காட்டில் பிசிறடித்த மைக்

மைக் செட்காரனுக்கு அறிவு காதில் இருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டுகளில் டூரிங் கொட்டகைப் படங்களுக்கு ஜீப்பில் விளம்பரம் செய்வதுதான் என் பிழைப்பு. கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர். பின்சீட்டில், ஜீப் பேட்டரியிலேயே ஓடும் ஆம்ப்ளிஃபயர். அதில் மைக் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. எனக்கு மெல்லிய குரல். மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நயமாக இழுத்துப் பேசுவேன். அதனால் திருகை முக்கால்வாசிக்குத் திருப்பியே வைத்திருப்பேன். காலையில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லிப் பார்த்தால் தேன் மாதிரி இருக்கும்.

அன்று காலை எஸ்டேட் ரோட்டில் சூப்பர்வைசர் கையைக் காட்டி ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“வண்டியை எடுய்யா! ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்து, டிரம்மோட உருண்டு ஓடையில போயிருச்சு. அந்த ஓடைத் தண்ணிதான் தொட்டிக்கு வருது. பைப்பை அடைச்சாச்சு. ஆனா அதுக்குள்ள லயத்துல எல்லாரும் குடத்துல பிடிச்சிருப்பாங்க.”

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் மொத்தம் ஏழு. முதல் லயத்தில் என் தங்கச்சி இருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை, வயிற்றில் ஆறு மாதம். தண்ணீரில் வாடை வருமே என்று கேட்காதீர்கள். மருந்தடிக்கிற மாதத்தில் அங்கே காற்று, துணி, சோறு எல்லாவற்றிலும் அந்த வாடைதான். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சூப்பர்வைசர் ஜீப்பில் ஏறி, மைக்கை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். “எஸ்டேட் சமாச்சாரம், நான்தான் சொல்லணும்.” இந்த மலையில் நின்று அந்த மலையில் இருப்பவனை வேலை வாங்குகிற தொண்டை அவருக்கு. மைக்கை மீசையில் ஒட்டிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினார். “பைப் தண்ணி விஷம்! யாரும் குடிக்காதீங்க! பிடிச்சதைக் கீழே கொட்டுங்க!”

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் டிரைவருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. எப்படிக் கேட்காமல் போகும்? அவர் வாய்க்கும் என் காதுக்கும் ஒரு முழம்கூட இல்லை. கூரைமேல் என்ன கேட்கிறது என்று நான் பார்க்கவில்லை. மடையன், முழு மடையன்!

ரோட்டுக்குக் கீழே, சரிவில் முதல் லயம். தங்கச்சி வாசலுக்கு வந்து, ஜீப்பைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். கேட்டுவிட்டாள் என்று எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் இறங்கி ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

“அதான் மைக்குல சொல்லியாச்சில்ல? இன்னும் ஆறு லயம் கெடக்குய்யா, விடு வண்டியை!”

விட்டோம்.

இரண்டாவது லயத்துக்கு மேலே, வளைவில் ஜீப் வேகம் குறைந்தபோது ஒரு பெண் ரோட்டுக்கு ஏறி வந்தாள். இடுப்பில் தளும்பத் தளும்பக் குடம். முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன படம்ணே? நோட்டீஸு குடுக்காமயே போறீகளே!”

குதித்து இறங்கிக் குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். அவள் அலறினாள். விஷம் என்று சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இவ்வளவு நேரம் மைக்குல என்ன சொன்னோம்? கேக்கலையா?”

“கர்ருபுர்ருன்னு கேட்டுச்சு. உங்க வண்டி, படம்னுதானே நெனப்போம்?”

சூப்பர்வைசர் உள்ளேயிருந்து, “சத்தம் பத்தலய்யா! இன்னும் கூட்டு!” என்றார்.

“சத்தம் ஜாஸ்தியாகித்தான்யா இந்தக் கேடு!” என்று கத்திவிட்டேன். அவரிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. “என் குரலுக்கு வச்ச திருகு அது. உங்க கத்தலுக்குத் தாங்காம வார்த்தை பிசிறடிச்சு உடையுது. மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடிங்க. எப்படிக் கத்துவீங்களோ அப்படியே கத்துங்க, குறைக்காதீங்க.”

டிரைவரைப் பின்சீட்டுக்கு அனுப்பி, திருகை அடியோடு குறைக்கச் சொன்னேன். நான் ஓடிப்போய் இருபதடி தள்ளி ரோட்டில் நின்றேன். அவர் கத்தக் கத்த, நான் கை காட்டக் காட்ட, டிரைவர் மெல்லக் கூட்டினான். திருகு பாதிகூட வரவில்லை, பிசிறு தட்டியது. நிறுத்து என்று கை காட்டினேன். கொஞ்சம் பின்னால். இன்னும் ஒரு மயிரிழை. சுத்தமாக விழுந்தது வார்த்தை. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

“பைப் தண்ணி விஷம்! யாரும் குடிக்காதீங்க!”

கீழே லயத்தில் கதவுகள் படார் படாரென்று திறந்தன. குடம் குடமாக வாசலில் கொட்டினார்கள். முன்பைவிடச் சத்தம் குறைவுதான். இப்போதுதான் காதில் விழுகிறது. அப்படியென்றால் முதல் லயத்தில் என் தங்கச்சி எதற்குக் கையாட்டினாள்? அண்ணன் வண்டி போகிறதே என்று ஆட்டியிருக்கிறாள்!

“வண்டியைத் திருப்பு!” என்றேன். அந்த ரோட்டில் திருப்ப இடமேது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சூப்பர்வைசர் இறங்கி, மற்ற லயங்களுக்கு வாயாலேயே சொல்கிறேன் என்று குறுக்குப் பாதையில் ஓடினார். டிரைவர் அரை மைல் தூரத்தையும் ரிவர்ஸிலேயே எடுத்தான். நான் மைக்கில் கத்திக்கொண்டே வந்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

முதல் லயத்திலும் பெண்கள் ஓடி வந்து குடங்களைக் கவிழ்த்தார்கள். ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. சரிவில் உருண்டு புரண்டு இறங்கினேன். தங்கச்சி அடுப்படியில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை. பக்கத்தில் இரண்டு டம்ளர் காப்பி. ஒன்று பாதி காலி.

தூக்கி ஜீப்பில் போட்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். எந்தச் சாமியையும் நான் விட்டுவைக்கவில்லை. அவள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

நாலாம் நாள்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். மைக்கில் சொன்னது ஒன்றுமே புரியவில்லையா தாயி என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணும் வெளங்கலண்ணே. ஆனா உன் வண்டிச் சத்தம்னு தெரிஞ்சுச்சு. திரும்பி வரும்போது நீ ஊட்டுக்கு வருவேன்னுதான் காப்பி போட்டேன். இனிப்பு சரியா இருக்கான்னு குடிச்சுப் பாத்தேன்.”