அட்டை ஜன்னலில் வெட்டிய கம்மல்

பெயின்டர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதைச் சொல்ல அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. நாற்பது வருடம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் வர்ணம் அடித்து, பாதி ஆயுளை ஏணியிலேயே கழித்து, சொந்தமாக ஒரு வீடு கட்டினார். வீட்டுக்கு இரண்டு ஜன்னல். வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவார். பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் எத்தனை பேர் இன்னும் வாடகை வீட்டில் காற்று வரவில்லை என்று புலம்புகிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

இடுப்பில் அடிபட்டதும், இனி ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். பெயின்டர் கம்மல் செய்ய உட்கார்ந்தார். காகிதக் கம்மல். யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வந்திருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

முதலில் பாய் அகலத்துக்கு ஒரு தாளைத் தரையில் விரிப்பார். அதில் குறிப்பாக எதையும் வரைய மாட்டார். நீலம் தன் இஷ்டத்துக்கு ஓடும், சிவப்பு அதைத் துரத்தும், நடுவில் எங்கேயோ ஒரு பச்சை தூங்கிப்போகும். ஈரம் காய்வதற்குள் பழைய பஸ் டிக்கெட், கிழிந்த வரைபடம், பட்டுத்துணி நறுக்கு, கடித உறையின் உள்பக்கம் என்று கைக்கு வந்ததையெல்லாம் ஒட்டுவார். பார்த்தால் குழந்தை தட்டிவிட்ட கடை மாதிரி இருக்கும். அப்புறம்தான் ஜன்னல் வரும்.

ஜன்னல் என்றால் ஒரு அட்டை. நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. அதைத் தாளின்மேல் மெல்ல மெல்ல நகர்த்துவார். அத்தனை கந்தரகோளத்துக்குள்ளும் திடீரென்று அந்த ஓட்டையில் ஒரு தகரக் கூரைமேல் மழை பெய்யும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஆளில்லாத படகு ஒன்று கரையேறி நிற்கும். பெயின்டர் அந்தப் படகில் போய் உட்கார்ந்துகொள்வார். அதன்பிறகு மூன்று தடவை கூப்பிட்டாலும் காது கேட்காது. திரும்பி வந்ததும் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, மெல்லிய பலகையில் ஒட்டி, வார்னிஷ் அடித்து, கொக்கி மாட்டுவார்.

"ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லையே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு.

"ஒரே மாதிரி வேணும்னா மெஷின்கிட்ட போய்க் கேளுங்க."

தெருவில் அத்தனை பெண்களும் அவர் கம்மலைப் போட்டிருந்தார்கள். போடாத ஒரே காது அவர் வீட்டிலேயே இருந்தது. மனைவி முன்னறையில் துணி தேய்த்துக் கொடுப்பவள். "நான் நாள் பூரா ஆவியில நிக்கறவ. உங்க காகிதமெல்லாம் என் காதுல கஞ்சியா வடிஞ்சிடும்" என்பாள். எட்டு வருடமாக அதே பதில். ஊருக்கெல்லாம் மார்தட்டுகிறவருக்கு அந்த இடத்தில் மட்டும் ஒரு முள்.

தெருமுனைத் துணிக்கடைக்கார அம்மா ஒருநாள் ஆளனுப்பிக் கூப்பிட்டாள்; பெயின்டர் போனார். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறாளாம். உள்ளே ஒரே ஒரு ஜோடி கம்மல் வைப்பாளாம். பக்கத்தில் பெயின்டர் பெயர் எழுதிய அட்டை.

"இருக்கறதுலயே நல்ல ஜோடியா குடுங்க, பெரியவரே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கறேன்."

"என்கிட்ட நல்லதில்லாத ஜோடின்னு ஒண்ணு இருந்தாத்தானே பிரிச்சு எடுக்கறதுக்கு?"

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, வீட்டில் ஜன்னல் எங்கேயும் நிற்க மறுத்தது. மூன்று நாள் மூன்று தாள்மேல் அலைந்தது. மழையும் இல்லை, படகும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மனைவி தேய்த்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். கழுத்து வலித்தது. பெயின்டர் அட்டையைச் சும்மா கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அறையைப் பார்த்தார். சுவிட்ச் வந்தது. ஆணியில் தொங்கும் சட்டையின் பித்தான் வந்தது. அப்புறம் தேய்ப்பு மேஜைக்கு மேலே மாட்டியிருந்த படம் வந்தது.

கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு ஜன்னலே கிடையாது. மூச்சு முட்டுகிறது என்று அவள் அழுதாள். பெயின்டர் தடித்த பெட்டி அட்டை ஒன்றில் திரைச்சீலை பறக்கும் ஒரு ஜன்னலையும், அதற்கு வெளியே வயலையும் மலையையும் வரைந்து சுவரில் மாட்டினார். மூன்று வீடு மாறியும் அது கூடவே வந்தது. அடுப்புப் புகையும் துணியின் ஆவியும் குடித்துக் குடித்து, அந்த நீலம் கடையில் எந்த டப்பாவிலும் கிடைக்காத நீலமாகப் பழுத்திருந்தது.

ஓட்டைக்குள் மலையடிவாரம் வந்து நின்றது. நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி, தேன் சொட்டு மாதிரி. பக்கத்திலேயே இன்னொரு துண்டில் மலைமேல் விழும் சாயங்காலம்.

கத்தி எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. படத்தில் இரண்டு சதுர ஓட்டை விழுந்துவிட்டது. மழையில் ஓடும் லாரிக்கு அடிக்கிற, சட்டென்று காயும் வார்னிஷை அடித்தார். கொக்கியை மாட்டினார். தன் ஆயுளில் செய்ததிலேயே நல்ல ஜோடி இதுதான் என்று தெரிந்துவிட்டது.

மனைவி வந்தாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிவிட்டுப் பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, வீடு எங்க?"

"எந்த வீடு? நிக்கறியே, அதான் வீடு."

"மலைக்குக் கீழ இருந்த வீடு. விளக்கு எரியுமே."

பெயின்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அது விளக்கும் இல்லை, வீடும் இல்லை. படம் முடிகிற நேரத்தில் பிரஷ் கை தவறி விழுந்த கறை. என் கை தவறாது என்று பீற்றிக்கொண்டிருந்த வயது. அதனால் வெளியே சொல்லாமல் விட்டுவிட்டார். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அந்த ரூம்ல நீங்க வேலைக்குப் போனதும் நான் அங்கதான் போவேன்" என்றாள் அவள். "பட்டப்பகல்ல ஏன் விளக்கு ஏத்தியிருக்காங்கன்னு யோசிச்சுக்கிட்டே வரப்புல நடப்பேன். இப்பவும் போவேன்."

"உள்ள யாரு?"

"ஒருத்தி. என்னை மாதிரியேதான். ஆனா துணி தேய்க்க மாட்டா."

அவர் கம்மலைக் காட்டினார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

"இதென்ன பிரமாதம், இப்பவே வரைஞ்சு ஒட்டறேன் பாரு!" என்று படத்தைக் கழற்றி, வெளிச்சத்துக்காக மேற்கு ஜன்னலில் சாய்த்து வைத்தார். ஆறு விதமான மஞ்சள் கலக்கினார். ஒன்று எலுமிச்சை மாதிரிக் கூசியது. ஒன்று சேறு. ஒன்று கிட்டத்தட்ட வந்து, காய்ந்ததும் முகம் மாறிவிட்டது. நாற்பது வருடப் புகையை எந்தக் கிண்ணத்தில் கலப்பது? பிரஷைக் கீழே வைத்தார்.

"எனக்கு வரலைம்மா."

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பிறகு கம்மலை எடுத்து, கண்ணாடி பார்க்காமலே இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள்.

"அந்த வீட்டுக்கு ஒருநாள் நிஜமாவே போயே தீரணும்னு இருந்தேன். அதுவே கிளம்பி வந்துடுச்சு. ஆவியில கரைஞ்சுதோ, உங்களை விட மாட்டேன்."

"மழையில நனையற லாரிக்கு அடிக்கற வார்னிஷ் அது!"

"நான் லாரியா?"

துணிக்கடைக்கார அம்மா வந்தபோது மனைவி ஆவிக்கு நடுவில் ஒரு வெள்ளைப் போர்வையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இதைத்தான் பெரியவரே நான் கேட்டேன்!"

"இது வீடும்மா. வீட்டைப் பெட்டிக்குள்ள வெக்க முடியுமா?" என்றாள் மனைவி.

"அப்போ நான் எதைத்தான் வெக்கறது?"

பெயின்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "என் பேர் அட்டையை மட்டும் வைங்க. போதும்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். சூரியன் இறங்கி மேற்கு ஜன்னலுக்கு வந்திருந்தது. சாய்த்து வைத்த படத்தில் மலையும் வயலும் இருட்டிக்கொண்டு வர, அடிவாரத்து ஓட்டை விளக்கு மாதிரிப் பளிச்சென்று எரிந்தது. அதன் வழியே வந்த வெளிச்சம் போர்வைமேல் நகம் அளவுக்குச் சதுரமாக விழுந்து, பக்கத்திலேயே மலை ஓட்டையின் வெளிச்சத்தோடு ஜோடியாக நின்றது. மனைவி இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் படாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

"பாத்தியா, எங்க வெட்டணும்னு எனக்குத் தெரியும்!" என்றார் பெயின்டர்.

"வாயை மூடிக்கிட்டு அந்தப் படத்தை அங்கேயே ஆணி அடிச்சு மாட்டுங்க" என்றாள் அவள்.

இருந்த இரண்டு ஜன்னலில் ஒன்றை மறைத்து ஆணி அடித்தார். ஏணியில்லாமல், நாற்காலியில் ஏறி.