பத்துக்கு முன்னால் ஒரு சைபர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைவிடப் பெரிய வியாதி ஒன்றும் உண்டு. நான் எழுதிய புரோகிராமில் தப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் காது அடைத்துக்கொள்ளும். இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அங்கே நான் ஒருத்திதான். கேள்வி கேட்க ஆளில்லாத திமிர் எனக்கு. அந்தத் திமிரால் ஒரு நல்ல மனிதரின் வேலையே போய்விட்டது.

அவர் எங்கள் டைம் கீப்பர். மூலனூர்ப் பக்கத்துக்காரர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காலையில் யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதுவதுதான் அவர் உத்தியோகம். விரல் வைத்துப் பதியும் மெஷின்கள் வந்த பிறகும் அவர் பதிவேட்டை விடவில்லை. "மெஷின் பாட்டுக்கு மெஷின் எழுதட்டுங்க அம்மிணி, நான் பாட்டுக்கு எழுதிக்கறேன்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அப்புறம் நான் எதற்கு இங்கே குப்பை கொட்டுகிறேன் என்று தோன்றும்.

வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு முகவரி உண்டு. புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். எங்களிடம் முதல் மூன்றும் எல்லாவற்றுக்கும் ஒன்றே, கடைசி எண்தான் மாறும். ஒன்று முதல் ஏழு வரை வாசல்களிலும் மாடிகளிலும் இருந்த மெஷின்கள். எட்டு, சோதனைக்காக என் மேஜையில் வைத்திருந்த மெஷின். ஒன்பது பிரிண்டர். தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் ஏழு பெண்கள் தாராபுரம் பஸ்ஸில் வருவார்கள். பஸ் பின்பக்கத் தெருவில்தான் நிற்கும் என்பதால் அவர்களுக்காகப் பின்வாசலைத் திறந்து, அங்கே புதிதாக ஒரு மெஷின் மாட்டினார்கள். அதற்குப் பத்து.

சாயங்காலமானால் என் புரோகிராம் வாசல், மாடி மெஷின்களின் முகவரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினிடமும் போய், இன்று யார் யார் விரல் வைத்தார்கள் என்று வாங்கி வரும். முகவரியைப் படித்து மெஷினைக் கண்டுபிடிக்கும் பகுதியை மட்டும் நான் எழுதவில்லை. அதற்கென்று வேறு யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம் இருந்தது, லைப்ரரி என்பார்கள். உலகமே அதைத்தான் பயன்படுத்தியது, நானும் பயன்படுத்தினேன். பின்வாசல் மெஷின் வந்ததும் பட்டியலைப் புதிதாக டைப் அடிக்க வேண்டியிருந்தது. எனக்குச் சோம்பல். எந்த மெஷின் எங்கே என்று தெரிந்தவர் டைம் கீப்பர் என்பதால் அவர் தலையில் கட்டினேன். அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி முடித்துக் கொடுத்தார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டேன்.

ஒரு மாதம் ஓடியது. எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையர், தொழிலாளர்களின் வருகைப் பதிவைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. முதலாளி என் ரிப்போர்ட்டையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த ஏழு பெண்களும் ஒரு மாதமாக எங்குமே விரல் வைத்ததாக என் ரிப்போர்ட்டில் இல்லை. பதிவேட்டிலோ ஏழு பேரும் தினமும் எட்டு இருபத்தைந்து வாக்கில் வந்திருந்தார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏனுங் அம்மிணி, மெஷின் கெட்டுப் போச்சுங்களா?" என்று கேட்டார்.

நான் அவர் முன்னாலேயே கம்ப்யூட்டரில் பத்தாம் முகவரியை அடித்து மெஷினைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. "மெஷின் நல்லா இருக்குதுங்க. ஒயரும் நல்லா இருக்குதுங்க" என்றேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "மெஷின் பொய் சொல்லாதுங்க சார்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

அது போதுமானதாக இருந்தது. அந்தப் பெண்கள் கண்டபடி லேட்டாக வருகிறார்கள், மாட்டிக்கொள்ளாமலிருக்க விரல் வைப்பதில்லை, டைம் கீப்பர் தயவு பார்த்துச் சரியான நேரம் போட்டுக் கொடுக்கிறார் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். பெண்களில் ஒருத்தி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராபுரத்தில் குடியிருந்தவள், என்னிடமே வந்து சண்டை பிடித்தாள். "மேடம், நாங்க தெனமும் வெரலு வச்சோம்லா. அது தேங்க் யூன்னு சொல்லிச்சே." நான் அவளை நம்பவில்லை. டைம் கீப்பர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கண்ணால பாக்காம நான் எழுதுனதில்லீங்க." முதலாளி அவரை நின்றுகொள்ளச் சொன்னார். சனிக்கிழமை பொழுதோடு வாசல் சாவிக்கொத்தை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு டைம் கீப்பர் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை செல்போனில் சார்ஜ் இல்லை. மேஜையில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான் காலி பண்ணக்கூடியதாக இருந்தது. சோதனை மெஷினைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் சொருகினேன். பிறகு பையருக்கான ரிப்போர்ட்டுக்காகப் புரோகிராமை ஓட்டினால், 'பின்வாசல் மெஷின் பதிலளிக்கவில்லை' என்று வந்தது. பிடுங்கியது என் மேஜையில், பதில் சொல்லாமல் போனது பின்வாசல். திரும்பச் சொருகினேன், பின்வாசல் சரியாகிவிட்டது.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். டைம் கீப்பர் எல்லா எண்ணையும் மூன்று இலக்கமாக அடித்திருந்தார். பின்வாசலுக்கு 192.168.001.010. எங்கள் கம்பெனியில் வெட்டிய துணிக்கட்டுக்கு எண் எழுதுவது அப்படித்தான். வெறும் பத்து என்று எழுதினால் முன்னால் ஒன்றைச் சேர்த்து யாரும் நூற்றுப்பத்து ஆக்கிவிடலாம். சைபர் போட்டுவிட்டால் முடியாது. திருட்டுத்தனத்துக்கு இடம் வைக்காத மனிதர், முகவரியையும் அதே ஜாக்கிரதையோடு அடித்திருக்கிறார்.

லைப்ரரிக்கு வேறொரு பழக்கம். எண்ணுக்கு முன்னால் சைபர் இருந்தால் அதை எட்டு எட்டாக எண்ணும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் ஏழுக்கு அடுத்தது பத்து. ஆகவே 010 என்றால் அதற்கு எட்டு. ஒன்று முதல் ஏழு வரை எந்தக் கணக்கிலும் மாறாது என்பதால் மற்ற மெஷின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்வாசலுக்குப் போக வேண்டிய புரோகிராம் ஒரு மாதமாக என் மேஜைக்கு வந்து, யாரும் விரல் வைக்காத மெஷினிடம் கேட்டு, யாரும் வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தது. முதலாளி முன்னால் நான் சோதித்தபோது சைபர் இல்லாமல் வெறும் பத்து என்று அடித்திருக்கிறேன்.

பின்வாசலுக்கு ஓடிப் போய் மெஷினையே திறந்து பார்த்தேன். ஏழு பேரின் விரலும் நாள் தவறாமல் இருந்தது. எட்டு இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு.

முதலாளியிடம் சொன்னேன். "அந்த மனுசனை நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டுக் கூப்புடறது? நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "வாங்க அம்மிணி, ஊட்டுக்குள்ள வாங்க" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பொ நான் போட்ட சைபர்தானுங்களா தப்பு?" என்று கேட்டார்.

அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. "இல்லீங்க. பட்டியலைச் சரிபார்க்க வேண்டியது நானு. உங்ககிட்டக் கேக்காமயே உங்களைப் பொய்யராக்கினதும் நானு."

"ஒருக்காப் பின்வாசலுக்கு வந்து, அந்தப் புள்ளைங்க வெரல் வெக்கறதைப் பாத்திருக்கலாமுங்களே" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான்கு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிறகு அவராகவே, "போச்சாதுங்க, போனாப் போகுது, வர்றேன். ஆனா ஒண்ணுங்க. அந்த ஏழு பேரும் லேட்டு, திருட்டுத்தனம்னு செக்கிங் ஹால்ல எல்லார் முன்னாலயும் பேச்சு வாங்கிட்டாங்க. எங்கிட்டச் சொன்னதை அங்க வந்து சொல்லுங்க" என்றார்.

மதியம் செக்கிங் ஹாலில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். முதலாளி கதவருகே நின்றார், டைம் கீப்பர் அவருக்குப் பின்னால் நின்றார். தப்பு என்னுடையது, இவர்கள் ஏழு பேரும் தினமும் நேரத்துக்கு வந்திருக்கிறார்கள், டைம் கீப்பர் எழுதியதெல்லாம் உண்மை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

தாராபுரத்திலிருந்து வரும் அந்தத் திருநெல்வேலிக்காரி கையிலிருந்த பனியனை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"சத்தமா சொல்லுங்க மேடம். பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல."

நான் தலையை நிமிர்த்தி இன்னொரு தடவை சொன்னேன்.