தீர்த்தம் குடித்த பேட்டரி

எங்கள் சித்தப்பாவுக்கு அந்தக் குட்டிக் காரின் மேல் இருந்த நம்பிக்கை, அப்பாவுக்கு மனிதர்கள் மேல்கூட இருந்ததில்லை. யுத்தம் முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கியது. அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். வலி கண்டதும் சாந்தோமிலிருந்து எழும்பூர் ஆஸ்பத்திரிக்குத் தன் காரில்தான் கொண்டுபோவேன் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். ரிக்‌ஷாவே போதும் என்பது அப்பாவின் கட்சி.

ஒரு சனிக்கிழமை மெக்கானிக் வந்து பிளக்கைச் சுரண்டினார், பிரேக்கை இறுக்கினார். பேட்டரியின் மூடிகளைத் திருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணி வத்திப் பூட்ச்சி சார். மருந்துக்கடைல காச்சி வடிச்ச தண்ணி குடுப்பாங்க, அத்தான் ஊத்தணும். கெணத்துத் தண்ணி பட்டா பேட்டரி காலி."

எட்டு வயதுக்காரியான என்னை அனுப்பினார்கள். கடைக் கம்பவுண்டர் ஒரு புட்டியில் ஊற்றித் தக்கை அடைத்துக் கொடுத்தார். வாசல் இறங்கியதும் ஓடினேன். பத்தடி தாண்டவில்லை, விழுந்தேன். புட்டி உடையவில்லை, தக்கை தெறித்துத் தண்ணீரை மணல் குடித்துவிட்டது. திரும்பிப்போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

வீட்டில் மாதா படத்தடியில் கோவில் தீர்த்தம் இருந்தது. மெக்கானிக் கேட்டது சுத்தமான தண்ணீர். அதைவிடச் சுத்தமானது உலகத்தில் ஏது? அதைக் கடைப் புட்டிக்கு மாற்றினேன். தீர்த்தப் புட்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வைத்தேன். நான் கொடுத்ததை மெக்கானிக் பேட்டரியில் ஊற்றி மூடிவிட்டுப் போனார். மந்திரிக்கும்போது சாமியார் அதில் உப்புப் போடுவார் என்பது எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் அம்மாவுக்கு வலி கண்டது. காரில் ஏற்றி உட்காரவைத்தார்கள். சித்தப்பா செல்ஃப் போட்டார். வண்டி ஒருமுறை முனகி ஓய்ந்தது. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார், சுற்றினார், சட்டை நனைந்ததுதான் மிச்சம். அத்தை தீர்த்தப் புட்டியை எடுத்துவந்து அம்மாவின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். அது வெறும் கிணற்றுத் தண்ணீர் என்று எனக்கு மட்டும் தெரியும். காரையும் கெடுத்து ஜெபத்தையும் கெடுத்து அம்மாவைக் கொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். வாய்விட்டு அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள்.

கடைசியில் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. சாயங்காலமே தம்பி பிறந்துவிட்டான்.

மறுநாள் வந்த மெக்கானிக், கடைப் புட்டியில் மிச்சமிருந்ததை நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா சார் இது, உப்புக் கரிக்குது!"

சித்தப்பா என்னைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார். "ஏன்யா, புள்ளத்தாச்சி உயிரோட வெளையாடறியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

கம்பவுண்டர் அவரைப் பார்த்தார். அவர் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னைப் பார்த்தார். நான் நிமிரவேயில்லை.

"புட்டிய சரியா கழுவாம ஊத்திட்டேன் போலகீது. என் தப்புதான் சார், மன்னிக்கணும்."

வேறு புட்டியில் தண்ணீர் நிரப்பி என் கையில் கொடுத்தார்.

"இந்தத் தபா ஓடாம போம்மா."

நான் அவரையும் ஏமாற்றிவிட்டேன் என்ற நிம்மதியோடு மெதுவாக நடந்து வந்தேன். நான் ஓடியது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே பல வருஷங்கள் ஆயின. அதற்குள் அந்தக் கடையில் வேறு யாரோ இருந்தார்.