செல்வி வக்கீலான மத்தியானம்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டரில் வாய்ஸ் டிரெய்னராக இருந்தேன். அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் போனில் பேசப் புது ஆட்களைப் பழக்குவது என் வேலை. ஒருநாள் காலையில் மேனேஜர் நாகராஜ் வந்து குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மேடம், அந்த தருமபுரிப் பொண்ணு செல்வி, ஸ்க்ரிப்டை விட்டு ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது. இன்னிக்கு அசெஸ்மென்ட்ல தேறலைன்னா ஊருக்கு அனுப்பிடலாம். நீங்க என்னடான்னா நாவல் நடத்திட்டிருக்கீங்க!"

செல்விக்கு வேலை போனால் ஊரில் மாப்பிள்ளை தயார். அவளுக்கோ கல்யாணம் என்றாலே வேப்பங்காய்.

நாவல் நடத்தியது உண்மைதான். அமெரிக்காவில் ஒரு கடையில் கொள்ளை. ஓடியவனின் நிறத்தை மட்டும் பார்த்த ஒரு சாட்சி. அதை நம்பிக் கூண்டில் ஏற்றப்பட்ட பதினாறு வயதுக் கறுப்பினப் பையன். அந்த ஊர்க்காரர்களோடு பேசப்போகிறவர்களுக்கு அந்த ஊரின் அநியாயமும் தெரியட்டுமே என்பது என் கட்சி.

அசெஸ்மென்ட்டையே கோர்ட்டாக்கினேன். செல்விதான் பையனின் வக்கீல். வகுப்பை நிறுத்துவதற்கென்றே வந்த நாகராஜுக்கு நீதிபதி நாற்காலி மட்டும்தான் காலி. உட்கார்ந்தார்.

செல்வி எழுந்தாள். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், சார்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். எல்லா அழைப்புக்கும் நாங்கள் பழக்கிய முதல் வரி அது.

எதிர்த்தரப்பு வக்கீல் பிரகாஷ் துள்ளினான். "யுவர் ஆனர், மன்னிப்புக் கேட்டாச்சு! குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க!"

வகுப்பே சிரித்தது. செல்வியின் முகம் சிவந்தது. அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"என்ன சிரிப்பு? கஸ்டமரோட அட்ரஸை மாத்தணும்னாக்கூட பேரு, பிறந்த தேதி, அக்கவுன்ட் நம்பர், மூணும் வெரிஃபை பண்றோம். குரலைக் கேட்டதும் 'இவர்தான்'னு முடிவு பண்ணா வேலையே போயிடும். இங்கே ஒரு பையனோட வாழ்க்கையையே நிறத்தைப் பார்த்து முடிக்கறாங்க. வெரிஃபிகேஷன் எங்கே, சார்?"

அத்தனையும் ஆங்கிலம். இலக்கணம் அங்கங்கே நொண்டியது. ஆனால் நிற்கவில்லை, சாட்சியாக நடித்தவனை நாலு கேள்வியில் திணறடித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

நாகராஜ் மேஜையைத் தட்டினார். "பையனை விட்டுடுங்க! இந்தப் பொண்ணை நாளைக்கே ஃப்ளோருக்கு அனுப்புங்க, கால் எடுக்கட்டும். மேடம், அந்தப் புக்கு எனக்கும் ஒண்ணு பேக்கு." வேண்டும் என்பதற்கு அவருடைய கன்னடம் அது.

புதிதாக டிரெய்னராக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பேச வராது என்று ஒருவரை ஒதுக்குமுன், கோபப்பட ஒரு நல்ல காரணம் கொடுத்துப் பாருங்கள்.